பின்வாசல்

திருச்சி ஜங்ஷன் எதிரே டீக்கடை வைத்திருந்த மஸ்தான் ராவுத்தருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டீ ருசிக்காக ஊரே அதைப் பொறுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாச் சண்டை நடந்த சமயம். ரயிலிலிருந்து இறங்கிய இரண்டு கறுப்புச் சிப்பாய்கள், ஒருவர் அமெரிக்கர், மற்றவர் கென்யாக்காரர், ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிவந்து கடையின் பின்வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"உங்க ஊர்லயும் வெள்ளைக்காரன் கடையில நமக்குப் பின்வாசல்தானா?" என்று அமெரிக்கர் இங்கிலீஷில் கேட்டார். கென்யாக்காரர் தலையாட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ராவுத்தருக்குப் பாதி புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. "இது பூனை வர்ற வழிங்க!" என்று இருவர் கையையும் பிடித்து இழுத்துவந்து முன்பெஞ்சில் உட்காரவைத்தார்.

பெஞ்சிலிருந்த மிராசுதார் முகம் சுளித்து எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் ராவுத்தர், டீயை ஆற்றியபடியே. "பின்வாசல் இப்பக் காலியாத்தான் இருக்கு. அங்க போய்க் குடிங்க."