அம்மா நின்ற பக்கம்

பத்து வயதில் எனக்கு ஒரேயொரு வெட்கம்தான் இருந்தது. டிராம்போலின் பக்கத்தில் புடவையோடு வந்து நிற்கும் என் அம்மாதான் அது.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் வாரத்தில் மூன்று நாள் ஸ்டேடியத்துக்குப் போய்க் குதிப்பேன். கட்டில், சோபா என்று எதையும் விட்டுவைக்காதவளை வேறெங்காவது குதிக்கவிட்டால் வீட்டுச் சாமான்களாவது மிஞ்சுமே என்று அப்பா செய்த ஏற்பாடு. அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "பாட்டு கிளாஸ்ல சேத்தா முழுசா ஆத்துக்கு வருவாளே" என்றாள். நான் பாடி ஒருமுறை கேட்டிருந்த அப்பா, ஸ்டேடியத்துக்கே பணம் கட்டிவிட்டார்.

டிராம்போலின் என் கழுத்து உயரத்துக்கு இருக்கும். சுற்றிலும் இரும்புச் சட்டம், நடுவே ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய வலைத்துணி. துணியின் மத்தியில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. அதிலிருந்து எழும்பி அதிலேயே இறங்க வேண்டும். தவறி வெளியே வருகிறவர்களைப் பிடிக்க நாலு பக்கமும் பெரியவர்கள் நிற்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் எங்கள் சாரிடம் அத்தனை ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கு அப்பாக்கள் டிராக் சூட் போட்டுக்கொண்டு வந்தார்கள். என் அப்பாவுக்கு ஆபீஸ் விட ஏழு மணியாகும். ஆகவே, வேண்டவே வேண்டாம் என்றவளே வந்து நிற்கும்படி ஆயிற்று.

அம்மா வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அங்கிருந்து நேராக பஸ் பிடித்து வந்து, கைப்பையை ஜன்னல் கம்பியில் மாட்டி, தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மரத்திலிருந்து மாங்காய் விழப்போகிறது என்பதுபோல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு வருஷம் கழிந்து மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். என் முதல் போட்டி. பத்துக் குதி, பத்தும் வேறு வேறு, நடுவில் நிற்காமல் வரிசையாகச் செய்யவேண்டும். வரிசை மறந்தால் போச்சு. அம்மா அதை ஆபீசிலேயே டைப் அடித்துக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். காலையில் தலை பின்னும்போது வாய்ப்பாடு கேட்பதுபோலக் கேட்பாள்.

"மூணாவது?"

"காலை விரிச்சு."

"ஆறாவது?"

"உக்காந்து எழுந்துக்கறது."

தப்பாகச் சொன்னால் பின்னலில் ஒரு இழுப்பு விழும். குதிக்கக் கூடாது என்றவளுக்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை.

எனக்கு அம்மாவிடம் பெரிய குறை ஒன்று இருந்தது. நான் மேலே போவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இறங்கி ஓடிவந்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டால், "பாத்தேனே, காலை" என்பாள்.

"மேல போனதைப் பாக்கலையா?"

"மேல பாத்தா நேக்குத் தலை சுத்தறதுடீ. உன் கால் எங்க வந்து விழறதுன்னுதான் பாத்துண்டிருக்கேன்."

கூரையைத் தொடுகிற மாதிரி பறந்துவிட்டு வந்து இப்படி ஒரு பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? போட்டியன்று அம்மா என்னை ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்கவேண்டும். பதக்கத்தைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அன்று அப்பா லீவு போட்டார். போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். ஸ்டேடியத்தில் அம்மாவும் அவரோடு கேலரியில் உட்காருவாள், வேறு வழியில்லாமல் என்னைப் பார்ப்பாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் நிற்க வரவேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. சார் கேலரிப் பக்கம் கையசைத்து, அம்மாவை மலையாளத்தில் கூப்பிட்டார்.

"சேச்சி, ஒரு சைடில் நிக்காமோ? பட்சே கை தொடருது கேட்டோ. தொட்டால் தீர்ந்நு."

ஒரு பக்கம் நிற்கவேண்டும், ஆனால் தொடக் கூடாது. பிடிக்க நிற்கிறவர் கை பட்டுவிட்டால் அதோடு குதி முடிந்தது, அதுவரை செய்ததற்குத்தான் மதிப்பெண். அம்மா தலையாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே இடப்பக்கம் போய் நின்றாள். பயந்தால் எனக்குக் கால் எப்போதும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஏழு வரைக்கும் சிவப்புக் குறியை விட்டு நான் நகரவில்லை. எட்டாவதில் கொஞ்சம் சாய்ந்தேன். ஒன்பதாவதில் வெகு உயரம் போனேன், அவ்வளவு உயரம் அதற்கு முன்னால் போனதேயில்லை. அப்பா செல்போனில் எடுத்த வீடியோவைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். அரங்கத்தில் எல்லார் முகமும் மேலே இருக்கிறது. அம்மாவின் முகம் மட்டும் குனிந்திருக்கிறது. நான் இறங்குகிறேன். அம்மா பாய்ந்து ஒரு கையால் என் இடுப்பை உள்ளே தள்ளுகிறாள். அவளுடைய வலக்கை என் குதிகாலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் விசில் ஊதியதும், என் ஒன்பதாவதும் பத்தாவதும் இல்லாமல் போனதும்தான். பதினொரு பேரில் பதினோராவதாக வந்தேன்.

ஆட்டோவில் வீடு வரும்வரை கத்தினேன். "நான் துணியிலதான் விழுந்திருப்பேன்! நீ எதுக்குத் தொட்டே?"

"இருக்கும்டா கண்ணா" என்றாள் அம்மா. அப்பா வாயைத் திறக்கப் போனார், அவள் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ராத்திரி அம்மா எனக்குச் சோறு போட்டது இடது கையால். எங்கள் வீட்டில் நடக்காத காரியம் அது. விருந்தாளி இருக்கட்டும், வாசலில் வந்து கேட்கிறவர்களுக்குக்கூட இடது கையால் எதையும் கொடுக்க மாட்டாள். தோற்றுப் போனவளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு அழுகை முட்டியது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் அப்பா தலை பின்னினார். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது கழுத்திலுமாக வந்தது. அம்மா வலக்கையைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு கதவோரம் நின்று, எப்படிப் பிரிப்பது, எங்கே இறுக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் கையில் கட்டு இருந்தது. கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்றாள். எந்தக் கதவு என்றுகூட நான் கேட்கவில்லை. மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அதற்கும் நான் காரணம் கேட்கவில்லை.

ஆனால் பயிற்சிக்கு மட்டும் கட்டோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் நேராக சாரிடம் போய், அம்மா கேட்கும்படியாகவே, இனிமேல் அம்மா என் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொன்னேன். சார் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப சந்தோஷமாக மேலே ஏறிக் குதிக்க ஆரம்பித்தேன்.