கார்ப்பரல் வாங்கிய தேங்காய்கள்

காஜா பெராங் போலீஸ் குவார்ட்டர்ஸில் கார்ப்பரல் சேதுராமனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை யாரும் பார்த்ததில்லை. யூசுப் நானாவின் டீக்கடையில் தமக்கு வைத்த கிளாசைப் பக்கத்தில் இருப்பவரிடம் நைசாகத் தள்ளிவிட்டு, அவருடைய கிளாசைத் தாம் எடுத்துக்கொள்வார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அதற்கும் நேற்றுப் போன வழியில் இன்று போக மாட்டார்.

"என் டீயில விஷம் வைக்கிறதா இருந்தா, ரெண்டு கிளாசிலயும்தான் வைப்பேன் அண்ணே" என்பார் யூசுப் நானா. கடையே சிரிக்கும். சேதுராமன் மட்டும் சிரிக்க மாட்டார். ரெண்டு கிளாசிலும் என்று இவன் ஏன் சொன்னான் என்று யோசித்துக்கொண்டே குடிப்பார்.

செங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் அவர். ஜப்பான்காரன் காலத்தில், தெரிந்த மனிதர்களே காட்டிக் கொடுத்து, தம் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்கு இழுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர். அப்பா திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரையுமே முழுசாக நம்பவில்லை; அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? போலீசில் சேர்ந்ததும் அந்தக் குணத்துக்குக் காக்கிச் சட்டை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

போலீஸ்காரர் சங்கத்தில் அவர்தான் செய்திச் செயலாளர். மாதா மாதம் கேன்டீனில் கூட்டம் நடக்கும். யாருக்கு மாற்றல், யார் வீட்டில் குழந்தை என்று வாசித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பாதுகாப்பு எச்சரிக்கைக்கு வருவார். "வேலை விஷயத்தைக் கடையில் பேசாதே. பெண்டாட்டியிடமும் பேசாதே. 'எத்தனை பேர்' என்று எவன் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டவன் முகத்தைப் பார்." இளவட்டங்கள் வாய்க்குள்ளேயே சேர்ந்து சொல்லும் அளவுக்கு அது பாடமாகிவிட்டிருந்தது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே கொடித்துணி வாங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. குருபோங் பக்கத்து ரப்பர் காட்டில் ஒரு கும்பல் சம்சு காய்ச்சி, லோரியில் ஏற்றி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சாராயத்தைக் குடித்துக் கண் போனவர்கள் உண்டு. பிடிக்கப் போகும்போதெல்லாம் அடுப்பு மட்டும் சூடாக இருக்கும். பானையும் இருக்காது, ஆளும் இருக்காது. போலீஸ் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பும்.

கடைசித் தடவை அப்படியும் இல்லை. சேதுராமன் நாலே பேரைக் கூட்டிக்கொண்டு போனார். கும்பல் ஓடாமல் பாராங் கத்தியோடு காத்திருந்தது. கான்ஸ்டபிள் முகம்மதுவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

இன்ஸ்பெக்டர் தம்பிராஜா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எந்த இடம்னு நான் முடிவு பண்றேன். யார் யாருன்னு சாயங்காலம் நீ முடிவு பண்ற. போறவனுக்கே லோரியில ஏறின பெறகுதான் தெரியும். அப்புறம் எப்படி சேது அவனுங்களுக்கு முன்னாடியே தெரியுது?"

சேதுராமன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம் என்றால் இன்ஸ்பெக்டரின் கண் யார்மேல் விழும்? "சீக்கிரம் ஒரு பேர் கொண்டா" என்றார் தம்பிராஜா.

அன்று முதல் சேதுராமன் கண்கொத்திப் பாம்பாகத் திரிந்தார். சட்டைக்குக் கஞ்சி போடும் டோபியைப் பார்த்தார். லோரி டிரைவரைப் பார்த்தார். ஒரு நாள் பெண்டாட்டி சிவகாமசுந்தரியையே, "நான் ராத்திரி தூக்கத்துல ஏதாச்சும் பேசுறேனா?" என்று கேட்டுவிட்டார்.

"முழிச்சிருக்கும்போதே பேசறதில்ல. தூக்கத்துல வேறயா? பசியாறிட்டுப் போங்க" என்றாள் அவள்.

கடைசியில் கண் யூசுப் நானாவின்மேல் நின்றது. லோரி புறப்படும் விடியற்காலையில் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருவது நானாதான். முதல் நாள் சாயங்காலமே, "நாளைக்கு எத்தனை டீ அண்ணே?" என்று கேட்பார். எத்தனை! கேட்டவன் முகத்தைப் பார் என்று மாதா மாதம் தாமே வாசித்தது செவிட்டில் அறைந்தது. போதாததற்கு, குருபோங் லோரிக்காரன் ஒருவன் அந்தக் கடையில்தான் பரோட்டா தின்கிறான். நானா எல்லாச் சாயங்காலமும் அதே கேள்வியைத்தான் கேட்டார் என்பதும், பாதி ஊர் அங்கேதான் தின்றது என்பதும் சேதுராமனுக்கு நினைவு வரவில்லை. வரவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

யூசுப்பின் பெயரைக் கொடுத்தார். மறுநாளே நானா உள்ளே போனார். குடியுரிமைக்கு மனுப் போட்டு இன்னும் கிடைக்காத ஆள். விசாரணை, கோர்ட்டு எதுவும் தேவையில்லை, அடுத்த கப்பலில் நாகப்பட்டணத்துக்கு ஏற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது.

நானாவின் மனைவி ரோஷன் பீவி பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அவரு சின்ன வயசுல இங்க வந்தவரு. நாகப்பட்டணத்துல அவருக்கு யாரு இருக்கா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"மேலிடத்து விஷயம்மா. என் கையில ஒண்ணுமில்ல" என்றார் சேதுராமன், அவள் முகத்தைப் பார்க்காமல். பெயரைக் கொடுத்தவரே அவர்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மனசு என்னவோ செய்தது. சாயங்காலம் சடக்கோரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார். அவருக்கு அது புது வழக்கம் இல்லை. காட்டுக்குப் போகும் ஒவ்வொரு வேலைக்கும் முதல் நாள், ஈ காக்காய்க்குத் தெரியாமல் அங்கே போவார். தம்மோடு வருகிறவர்களில் தலைக்கு ஒன்றாகத் தேங்காய் வாங்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்வார். பண்டாரம் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுக் கணீரென்று சொல்வார். முகம்மது பெயருக்கும் உண்டு. முதல் தடவை பண்டாரம் நிமிர்ந்து பார்த்தபோது, "அவனும் என்கூடத்தான் வரான். நட்சத்திரம் தெரியாது, ஆத்தா நட்சத்திரத்தையே சொல்லுங்க" என்றார். எல்லோரும் முழு உடம்போடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாததை அம்மனிடம் சொன்னார். அம்மனிடம் சொல்வது வெளியே சொல்வதாகுமா என்ன?

அன்று ஒரே ஒரு தேங்காய் கேட்டார். வாசலில் பூவும் தேங்காயும் விற்கும் பொன்னம்மா சிரித்தாள்.

"ஒண்ணுதானா? அப்ப நாளைக்குக் காட்டுக்குப் போகலையாக்கும்."

சேதுராமனின் கை அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல என்ன இருக்குய்யா? தேங்காய் நெறைய வாங்கினா மறுநாள் உங்க மாத்தா லோரி போகும். போன தடவை நாலு. அந்தக் குருபோங் லோரிக்காரத் தம்பிகூட வரப்பல்லாம் கேக்கும், இன்னைக்குக் கார்ப்பரல் எத்தனை தேங்காய் வாங்கினாருன்னு. உங்க மேல அவ்வளவு மரியாதை அதுக்கு."

சொன்னவளின் முகத்தில் கள்ளமே இல்லை. நாலு. நாலு பேர்தான் என்று தெரிந்துதான் ஓடாமல் நின்றார்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன் தம்மை மட்டும் விட்டுவிட்டார். பாவி, முகம்மதுவின் விரலை நானேதான் வெட்டினேன் என்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எழுந்ததும் நேராகத் தம்பிராஜாவின் வீட்டுக்குப் போனார். "தப்பான பேர் கொடுத்துட்டேன் சார். யூசுப்பை விட்டுடுங்க. ஆள் நான்தான்."

முழுக்கதையையும் இன்ஸ்பெக்டர் அவரை உட்கார வைத்துக் கேட்டார். பிறகு, "வாய் வார்த்தையை வச்சு கப்பலை நிறுத்த முடியாது. நிரூபி" என்றார்.

நிரூபித்தார். அடுத்த வாரம் நாலே தேங்காய் வாங்கினார்; நாலு பெயர் சொன்னார். பண்டாரம் சொல்லச் சொல்ல, பொய்யைச் சொல்லித் தீபம் வாங்குகிறோமே ஆத்தா என்று அவர் உடம்பு கூசியது. விடியற்காலையில் இரண்டு லோரி நிறைய போலீஸ் போனது. பாராங்கோடு காத்திருந்த கும்பல் மொத்தமாகச் சிக்கியது, லோரிக்காரனும் சேர்த்து.

சேதுராமனின் கார்ப்பரல் கோடுகள் இரண்டும் போயின. அந்த மாதக் கூட்டத்தில் அவர் கடைசியாக ஒரு தடவை எச்சரிக்கை வாசித்தார். நடந்ததை ஒன்று விடாமல், தம் பெயரைச் சொல்லியே வாசித்தார். கட்டுப் போட்ட கையோடு முகம்மதுதான் கேட்டான்.

"என் பேருக்குமா அண்ணே அர்ச்சனை பண்ணீங்க?"

"ஆமாம்ப்பா. ஒவ்வொரு தடவையும்."

முகம்மது தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கடைசி வரை சேதுராமனுக்குத் தெரியவில்லை.

விடுதலையான யூசுப் நானா கடையைத் திறந்தார். கூட்டத்தில் வாசித்தது அவர் காதுக்கும் வந்திருந்தது. சில நாள் அந்தப் பக்கமே தலைகாட்டாத சேதுராமன், ஒரு காலையில் போய் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நானா எத்தனை டீ என்று கேட்கவில்லை. ஒரு கிளாசைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். உங்க கோயில்ல எப்பவாச்சும் என் பேருக்கு அர்ச்சனை பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல நானா."

"நல்லது. பண்ணிராதீங்க."

சொல்லிவிட்டு நானா அடுப்பைப் பார்க்கப் போனார். பக்கத்தில் இருந்தவர் பழக்கத்தில் தம் கிளாசை நகர்த்தினார். சேதுராமன் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, தமக்கு வைத்ததையே எடுத்துக் குடித்தார்.