வானை ஓட்டியது யார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கணவரின் சித்தப்பாவுடைய செத்தவீடு முடிந்து சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு துறைமுகத்துக்கு அருகே. வாகனத்தில் கணவர், நான், ஆறு வயது மகள். கணவர் பாடசாலைப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்குபவர். வானின் பின்பக்கத்தில் ‘பாடசாலைச் சேவை’ என்ற மஞ்சள் பலகை இருந்தது. அந்த வானை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. போய் வரும் ஆண்கள் கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். கிணற்றடிக்குப் பின்னால், தென்னைகளுக்கிடையில், ஒரு போத்தல் கை மாறுவதும் வழக்கம். உடம்பு அலுப்புக்கு என்பார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. கணவர் ஈரத் தலையோடு வந்தபோது முதலில் சவர்க்காரம் மணத்தது, பிறகு சாராயம்.

“நான் வானை ஓடட்டா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“உனக்கென்ன விசரே? சனம் பாத்துக்கொண்டு நிக்குது. கொஞ்சம்தான் எடுத்தனான்.”

வாசல் படலையடியில் அவருடைய உறவினர்கள் நின்றார்கள்தான். எனது சாரதி அனுமதிப்பத்திரம் கைப்பையில் இருந்தது. சந்தைக்கும் கராஜுக்கும் அந்த வானைப் பெரும்பாலும் நான்தான் கொண்டுபோவேன். ஆனால் கணவரின் ஊரில், அவர் பக்கத்தில் இருக்க மனைவி ஓட்டிக்கொண்டு போவது அவருக்கு வெட்கம். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பேசாமல் இடப்பக்கம் ஏறினேன். மகள் எனக்குப் பின்னால் இருந்தாள்.

உப்புவெளியை நெருங்கும்போது வீதிக்குக் குறுக்கே மாடுகள் நின்றன. நல்ல வெளிச்சம், நேரான வீதி. தூரத்திலேயே நான் கண்டுவிட்டேன். அவர் காணவில்லை என்பது, வேகம் குறையாதபோதுதான் விளங்கியது. கத்தினேன். வான் இடப்பக்கம் வெட்டி, மணலில் சறுக்கி, ஒரு வேலிக் கட்டையில் மோதி நின்றது. சத்தம் பெரிதாக இல்லை. திரும்பிப் பார்த்தால் மகளின் வாய் நிறைய இரத்தம். முன் ஆசனக் கம்பியில் உதடு அடிபட்டிருந்தது. அவள் அழவேயில்லை.

ஆட்கள் ஓடி வருவதற்குள் நாங்கள் இறங்கி அவளைச் சுற்றி நின்றோம். யார் எந்தக் கதவால் இறங்கியது என்று எவரும் காணவில்லை. கடைக்காரர் ஒருவர் ஐஸ் கட்டி கொண்டுவந்து தந்தார். இன்னொருவர் பின்பலகையை வாசித்தார்.

“ஸ்கூல் வானாம். பிள்ளையளை நம்பி ஏத்தி விடுங்கோ.”

“ஓம், மணம் இஞ்சை வரைக்கும் வருது” என்றார் மற்றவர்.

எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த கணவரின் தம்பி இறங்கி, நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணி, ஆரோ பொலிஸுக்குப் போன் அடிச்சிட்டாங்கள். நீங்கள்தான் ஓடினதெண்டு சொல்லுங்கோ. லைசன்ஸ் கிடக்குத்தானே. மாடு குறுக்கால வந்தது, அவ்வளவுதான் கதை.”

நான் முன்பு ஒரு பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதியவள். ‘மதுபோதையில் வாகனம் செலுத்திய நபர்’ என்று தொடங்கும் செய்தி எப்படி முடியும் என்று தெரியும். உள்ளே ஒரு பிள்ளை இருந்தது என்பதை நீதவான் எப்படிப் பார்ப்பார் என்றும் தெரியும். அவருடைய அனுமதிப்பத்திரம் போனால் தொழில் போய்விடும். கணவர் வேலியோரம் குந்தியிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று தம்பிக்குத் தலையாட்டினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதட்டில் ஐஸை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, பொலிஸ் மாமா கேட்டா நானும் நீங்கள்தான் ஓடினதெண்டு சொல்லவோ?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லாட்டி நான் நித்திரை எண்டு சொல்லட்டா? அப்ப ஒண்டும் கேக்க மாட்டினம்” என்றாள்.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொலிஸார் இருவர் வந்தார்கள். சார்ஜன்ட் தமிழை நிதானமாகப் பேசினார். யார் ஓட்டியது என்று கேட்டதும் தம்பி முந்திக்கொண்டார். “அண்ணிதான் சேர்.”

“நீங்களா?” என்று சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார்.

மகள் கண்களை மூடிக்கொண்டு என் இடுப்பில் சாய்ந்தாள். அவள் நித்திரைக்குத் தயாராகிவிட்டாள்.

“இல்லை. அவர்தான் ஓடினவர். குடிச்சிருக்கிறார்” என்றேன். எனது அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “உங்களுக்கு ஓடத் தெரியும். குடிக்கவும் இல்லை. அப்ப ஏன் நீங்க ஓடல்ல?”

சனம் பார்க்கும் என்று ஒரு பொலிஸ்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை.

குடித்ததைச் சோதிக்கும் பலூனைக் கணவரை ஊதச் சொன்னார்கள். ஊதினார். அவரை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். நான் மகளை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஏறும்போது தம்பி சொன்னார்: “சொந்த மனுசனைக் காட்டிக் குடுத்திட்டீங்கள். நல்லா இருங்கோ.”

நீதிமன்றத்தில் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிள்ளை எங்கே இருந்தது என்று நீதவான் கேட்டபோது சட்டத்தரணிதான் பதில் சொன்னார். அபராதம், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தம். அதற்கு முன்பே பெற்றோர் ஒவ்வொருவராக வேறு வான் பார்த்துவிட்டார்கள். கணவர் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

பல வாரங்கள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்: “அண்டைக்கு முதல்ல தலையாட்டினனீதானே. பிறகேன் மாத்திச் சொன்னனீ?”

மகள் அன்று என்னிடம் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கவில்லை. சொன்னேன். நித்திரை என்று சொல்லவா என்று கேட்டதையும் சொன்னேன். சாப்பாட்டில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு ஒருநாளும் அவர் அந்தக் கதையை எடுத்ததில்லை. போத்தலையும் எடுத்ததில்லை.

நேர்மையானவள் என்று உறவினர் சிலர் இப்போது என்னைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் பிள்ளை என்னைவிட நன்றாகப் பொய் கட்டத் தொடங்கியதைக் கண்ட பயத்தில் வந்த உண்மை அது, அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.