காற்று ஒழுகும் கிளாரினெட்

கடலூர் முதுநகரில் ராஜாமணியைத் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய கிளாரினெட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. பழனிவேல் பேண்டு செட்டில் சிவப்புக் கோட்டு போட்ட பத்துப் பேரில் மூன்றாவது ஆள். அவர் ஊதினால் பாட்டு பாதி வரும், காற்று பாதி வரும். கீழ்ச் சுரத்துக்கு இறங்கினாலோ, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் கேட்குமே ஓர் ‘உஸ்’, அதுவும் கூடவே வரும். டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று அவரும் காலத்தை ஓட்டிவிட்டார்.

கோளாறு மவுத்பீஸில். வாயில் வைத்து ஊதுகிற அந்தக் கருப்பு மூக்கு, ஒருமுறை மண்டபத்துப் படியில் விழுந்து நுனி சிதைந்துபோனது. வேறு யாராவது என்றால் புதிது வாங்கியிருப்பார்கள். இவர் உப்புத்தாளில் தேய்த்தார். நுனி சரியானது, அடிப்பக்கம் கோணலானது. அதன்மேல் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் பட்டையை ரீடு என்பார்கள். அது ஒட்டி உட்கார முடியாமல் இடுக்கு விழுந்து, காற்று ஒழுகத் தொடங்கியது.

2004 ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மனைவிக்குக் காய்ச்சல் என்று தெரிந்துதான் போனார். “மாத்திர போட்டுருக்கேன், போயிட்டு வாங்க” என்று அவளேதான் அனுப்பினாள். மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், உயிரில்லாமல் திரும்பக் கொண்டுவந்ததும் ஒரே மகள் அறிவுமதி. அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். சிவப்புக் கோட்டோடு வந்து நின்ற அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீங்க ஊதுங்கப்பா. நல்லா ஊதுங்க.”

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் கழித்துக் கீரப்பாளையத்தில் தாய்மாமன் வீட்டில் அவளுக்குக் கல்யாணம். ராஜாமணிக்கும் பத்திரிகை வந்தது. போனார், முன்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், பஸ் ஏறி வந்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் நாகசுரம் மட்டும்தான். பேண்டு வைக்கவில்லை.

புருஷனோடு அவள் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். ஒரு நாள் ஊர்வலம் அந்த வழியே போனபோது, மேலே பால்கனியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, கையாட்டவில்லை. பேண்டு முனை திரும்பும்வரை நின்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நின்றாள். வருஷத்துக்கு நாலைந்து முகூர்த்தம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம். ராஜாமணிக்கு மகள் என்று இருந்தது அவ்வளவுதான்.

பேண்டு சத்தம் கேட்டால் யார்தான் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். தனக்காக வருகிறாள் என்று நினைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. அந்த இரண்டு நிமிஷமும் தன் கிளாரினெட் உஸ் உஸ் என்று இரைப்பதுதான் மானக்கேடாக இருந்தது. இந்த லட்சணத்துக்குத்தானா அம்மாவை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? போனதுதான் போனோம், போன வேலையாவது கேட்கும்படி இருக்க வேண்டாமா? இது அவரை அரித்தது.

2010 ஐப்பசியில் மஞ்சக்குப்பம் சார்லஸிடம் போனார். மிலிட்டரி பேண்டில் ஊதிவிட்டு வந்தவர், ராஜாமணியைவிடப் பத்து வயசு சின்னவர். மவுத்பீஸின் தட்டைப் பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

“பாத்தீங்களா மாமா? வெளிச்சமே போவுது, காத்து போவாதா? இத வச்சிகிட்டு இவ்ளோ நாள் ஊதுனதே பெரிய விஷயம். தூக்கிப் போட்டுடுங்க.”

பாண்டிச்சேரியில் ஒரு கடையில் சொல்லிவைத்து எபனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த மவுத்பீஸ் வரவழைத்தார்கள். கூடவே கொஞ்சம் தடிமனான ரீடு நாலு. ஒரே ரீடைப் போட்டுச் சாகடிக்கக் கூடாது, நாளுக்கு ஒன்றாக மாற்ற வேண்டும், ஊதுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று சார்லஸ் ஆயிரம் பத்தியம் சொன்னார். முதல் வாரம் உதடு வீங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து, “மாமா, ஒரே சத்தத்தயே எவ்ளோ நேரம் ஊதுவீங்க, பாட்டு ஒண்ணும் கிடையாதா?” என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம், கீழ்ச் சுரம் ஒன்று துளிக் காற்றுகூட ஒழுகாமல், எண்ணெய் ஊற்றினாற்போல் வந்தது.

“எப்படி இருக்கு?” என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டார். அங்கே யாரும் இல்லை. ஆறு வருஷமாக இல்லை. கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

தை மாதம் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அழைப்பு வந்தது. சாயங்காலம், கீழ வீதியில் முதல் பாட்டு முடிந்ததுமே பழனிவேல் திரும்பிப் பார்த்தார். “இன்னா மாமா, கோட்டுக்குள்ள வேற ஆளு பூந்துட்டானா?” ராஜாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. தெற்கு வீதி இன்னும் வரவில்லையே என்றுதான் இருந்தது.

வந்தது. உள்ளதையெல்லாம் கொட்டி ஊதினார். பால்கனியில் விளக்கு எரிந்தது, கொடியில் துணி காய்ந்தது, ஆளைக் காணோம். மாப்பிள்ளை கார் முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டு, ஊர்வலம் அந்த வீட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்போதும் யாரும் வரவில்லை. வாசலோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரி முத்தம்மாளிடம் மெல்ல விசாரித்தார்.

“மாடியில ஆளு இல்லியாம்மா?”

“இருக்கே. இப்பதான் பூ வாங்கிகினு மேல போச்சு.”

“பேண்டு பாக்க வருமே?”

“எல்லா பேண்டுக்கும் வராது சார். இந்தத் தெருவுல தெனம் ஒரு பேண்டு போவுது. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ஓடியாரும். அதுல ஒரு பீப்பி உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்து வுடும் பாருங்க, அது தெருமுனையில கேட்டாலே போதும், அடுப்ப அணைச்சிட்டு வந்து நிக்கும். அந்த ஆளு இன்னிக்கு வரல போல.”

“ஆமா, வரல” என்றார் ராஜாமணி.

நாலு வருஷமாக அவள் தனக்காகத்தான் வந்து நின்றிருக்கிறாள். அது தெரியாமல், அவள் அடையாளம் வைத்திருந்த ஒன்றைத் தானே தேடிப்போய்ச் சரிபண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். சார்லஸ் தூக்கிப் போடச் சொன்ன பழைய மவுத்பீஸ், ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கோட்டுப் பையில்தான் கிடந்தது. காய்ந்துபோன ரீடை வாயில் வைத்து நனைத்தார். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார்.

அடுத்த பாட்டுக்குப் பழனிவேல் கையைத் தூக்கினார். முதல் அடியிலேயே ‘உஸ்’ என்று காற்று பிய்த்துக்கொண்டு போனது. பழனிவேல் முறைத்தார். இரண்டாவது அடி முடிவதற்குள் மாடிக் கதவு திறந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அறிவுமதி வந்து நின்றாள். ராஜாமணிக்கு அழுகை வந்தது. ஊதும்போது அழுதால் உதடு நழுவிவிடும். அதனால் அழவில்லை.

பாட்டு முடிந்தது. லாரியும் நகர்ந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குனிந்தாள்.

“இன்னும் அந்தப் பழசதான் ஊதுறீங்களாப்பா?”

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசியது அதுதான். ஆமாம் என்று தலையாட்டினார். புது மவுத்பீஸ் பையில் கனத்தது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது.

வரிசையில் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. முனை திரும்பும்வரை ராஜாமணி கீழ்ச் சுரங்களையே பிடித்து ஊதினார். அதில்தான் காற்று நிறைய ஒழுகும்.