தாழ்ப்பாளுக்கு உள்ளே வாப்பா

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த நெடி எனக்கு ஆகாது. பூந்தமல்லியில் ஒரு ஓட்டலில் ரூம் போட்டுத் தங்கினோம். நம் ஜனங்களுக்கென்றே கட்டியது போலிருந்தது. கூரையில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி, அலமாரியில் தொழுகை விரிப்பு, சாப்பாடு ஹலால். எல்லாம் சரி, குளியலறைக் கதவைத் திறந்ததும் குப்பென்று ஃபினாயில் வாசனை. எனக்குக் கல்யாண நினைப்பு வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். சில பேருக்கு மல்லிகைப்பூ, எனக்கு ஃபினாயில்.

மாப்பிள்ளைக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை. லீவு கிடைக்கவில்லை என்று கல்யாணத்தையே ஆவடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மேலப்பாளையத்திலிருந்து ரயிலேறி வந்து, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் தங்கினோம். மேனேஜர் தனசேகர் வாசலிலேயே நின்று வரவேற்றார். "பாய் ஜனங்களுக்குன்னே பண்ணி வச்சிக்கீறேன்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மேற்குச் சுவரில் சாக்பீஸ் அம்புக்குறி. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தோதாகப் பாத்ரூமில் தாழ்வாக ஒரு குழாய். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். வாப்பாவுக்கு மெத்தப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை நான் பட்டுடுத்தி உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிவாசலில் மாப்பிள்ளை காத்திருக்கிறார். வாப்பா ஒளு செய்யப் போனவர், உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்.

"இழுத்தா வரமாட்டேங்குதுளா!"

தனசேகர் ஓடிவந்தார். "தாப்பா புச்சு பாய், அதான் மக்கர் பண்ணுது. எண்ணெ உட்டா சரியாப் பூடும்." கதவிடுக்கில் ஊற்றிய எண்ணெய் தரையில் ஓடியதுதான் மிச்சம். "ஒடச்சிடுங்க" என்று உம்மா கெஞ்சினாள். "ஓனரு என்னை உரிச்சிடுவாருமா" என்று அவரும் கெஞ்சினார். உள்ளேயிருந்து வாப்பா இருவரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

இதற்குள் பள்ளிவாசலில் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம், சம்பந்தத்தில் இஷ்டமில்லையாம். மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டதாக என் தம்பி வந்து சொன்னான். என் கண்மையெல்லாம் கரைந்து கன்னத்தில் இறங்கியது.

கடைசியில் நிக்காஹ் நடத்த வேண்டிய ஆலிம்சாவே லாட்ஜுக்குப் புறப்பட்டு வந்துவிட்டார். படியேறும்போதே கேட்டார்: "பொண்ணோட வலி எங்கே?"

தனசேகர் பதறிவிட்டார். "வலியா? பொண்ணுக்கு இன்னா வலி? டாக்டரக் கூப்புடவா?"

பெண் சார்பில் சம்மதம் சொல்கிற பொறுப்பாளரைத்தான் வலி என்போம் என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் ஆலிம்சா கதவருகே போய், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

பதில் இல்லை. அதுவரை லாட்ஜே அதிர ஏசிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து சத்தமே இல்லை. ஆலிம்சா இன்னும் உரக்கச் சொன்னார். ஊஹும்.

உம்மா தரையில் உட்கார்ந்து, "என்னமும் ஆயிட்டுதோ" என்று அலறினாள். தனசேகர் முகம் மாறியது. "ஓனராவது மயிராவது!" என்று ஒரே உதை. கதவு கீலோடு பெயர்ந்து விழ, ஃபினாயில் நெடி குப்பென்று என் பட்டுப்புடவை வரை வந்து அடித்தது.

உள்ளே வாப்பா முழங்கை ஈரத்தோடு கல்லுப்பிள்ளையார் போல நின்றிருந்தார். அப்படிச் சொன்னால் அவர் கோபிப்பார், போகட்டும். யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, வாசற்படி தாண்டியதும், "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார். பிறகுதான் வெடித்தார்.

"அல்லாஹ் பேரை எடுக்கக் கூடாத கக்கூஸுக்குள்ள நின்னுக்கிட்டு ஸலாமுக்குப் பதில் சொல்லச் சொல்லுதியளோ?"

ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டார். "தப்பு எம்பேர்லதான். அவசரத்துல மறந்துட்டேன்."

தனசேகர் முதல் ஆளாகச் சிரித்தார். பிறகு அந்த மாடி முழுக்கச் சிரித்தது. பள்ளிவாசலில் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை முகத்துக்கு ரத்தம் திரும்ப மட்டும் பிரியாணி வரை ஆயிற்று.

அதற்குப் பிறகு வாப்பா ஆவடிக்கு வரும்போதெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கமாட்டார். அதே லாட்ஜ்தான். பாத்ரூம் கதவைத் தாழிடாமல் ஒருக்களித்து வைத்துக்கொள்வார். வெளியே தனசேகர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "நான் கீறேன் பாய், நீங்க நிதானமா வாங்க" என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஊர்க்கதை பேசுவார்கள்.

ரோட்டை அகலப்படுத்த லாட்ஜை இடித்தபோது தனசேகர், மகள் வீட்டோடு இருக்கத் திருத்தணிக்குப் போய்விட்டார். நான் ஃபோனில் சொன்னேன். வாப்பா, "இனி அங்க வந்து எங்க தங்க?" என்றார்.

எங்கள் சொந்த வீட்டில் அவருக்கென்று ஒரு ரூம் கட்டியிருந்தோம். அவர் வரவே இல்லை.