ஜூனிபருக்குப் பெயர் வைத்த கதை

மரத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது ஒரு உத்தியோகம் என்று ஊரிலேயே யாரும் நம்புவதில்லை. எண்ணெய் எடுக்கும் தேசத்தில் கேட்க வேண்டுமா? தாவரவியல் படித்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிய சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. மஸ்கட்டில் சாலை போடும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஓமன் மலை உச்சியில் கட்டப்போகும் ரிசார்ட்டுக்குச் சாலை போடுமுன், வழியில் நிற்கும் ஜூனிபர் மரங்களை அடையாளம் கண்டு எழுதுவது என் டூட்டி.

பெயர் மாற்றம்

இந்த மரத்தை முதலில் ஒரு இனத்தில் சேர்த்தார்கள். பிறகு, அதன் துணையினம் என்றார்கள். இப்போது மரபணுவைச் சோதித்து, மத்திய ஆசிய மலைகளில் வளரும் வேறொரு இனம் என்கிறார்கள். மரத்தை யாரும் கேட்கவில்லை. அது பாறை இடுக்கில் தன் பாட்டுக்கு நிற்கிறது. நான்தான் ரிப்போர்ட்டில் இரண்டாம் முறையாகப் பெயரைத் திருத்தி, மேனேஜர் சுந்தரத்திடம் கொண்டுபோனேன். கோயம்புத்தூர்க்காரர், சிவில் இன்ஜினியர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, பாஸ்போர்ட்ல என்ற இனிஷியலை மாத்தவே ஆறு மாசம் ஆச்சு. இதுக்கு யாருங்க அட்டெஸ்டேஷன் பண்ணாங்க?"

ஆணும் பெண்ணும்

இந்த ஜூனிபரில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் கருநீலமாக உருண்டையாகக் காய்ப்பதை எல்லோரும் பழம் என்பார்கள். அது பழமல்ல, சதைப்பற்றான கூம்பு. இதை டிரைவர் முத்துக்கருப்பனுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். சிவகங்கைக்காரர், ஆண்கள் மட்டும் தங்கும் கம்பெனி கேம்ப்பில் இருக்கிறார், ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையிலிருந்து ஒரு சரிவு முழுக்கத் தேடினோம். நாற்பது மரமும் ஆண். முத்துக்கருப்பன் வண்டியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"என்ன சார், இங்கயும் பேச்சிலர் கேம்ப்தானா?"

லிஸ்ட்

ஒருவழியாகப் பெண் மரம் கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று, கிளை கொள்ளாத காய்ப்பு. கிடைத்த இடம்தான் சரியில்லை. சாலை திரும்பும் வளைவில், புல்டோசருக்கு நேர் எதிரே.

வெட்டக்கூடாது என்று எழுதினேன். மீட்டிங்கில் ரிசார்ட் தரப்பு அதிகாரி பாதுகாக்கப்பட்ட மரங்களின் லிஸ்டை விரித்தார். அதில் இருந்தது பழைய பெயர். என் ரிப்போர்ட்டில் இருந்தது புதுப் பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே பொய்சாட்சி மாதிரி கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"லிஸ்டில் உள்ள மரம் மலையில் இல்லை. மலையில் உள்ள மரம் லிஸ்டில் இல்லை. கலாஸ், பேச்சு முடிந்தது, வெட்டலாம்."

வளைவு

அன்றைக்கு ராத்திரியே பெயர் மாறிய வரலாற்றை நான்கு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை. மறுவாரம் சுந்தரம் சார், "வாங்க, பாத்துட்டு வரலாம்" என்று முதல் தடவையாக மலைக்கு வந்தார். அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார், கை எட்டவில்லை. வயது கேட்டார். சில நூறு வருஷம் இருக்கலாம், மிக மெதுவாக வளரும் மரம், சுற்றிலும் ஒரு கன்றுகூட இல்லை என்றேன். டேப்பை எடுத்து வளைவை அளந்தார்.

பத்து நாளில் புது வரைபடம் வந்தது. சாலை எட்டு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. மூன்று மரமும் தப்பின. நன்றி சொல்லப் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"மரத்துக்காகல்லாம் இல்லீங்க. அந்த வளைவு தப்பு. போட்டது நான்தான், வெளிய சொல்லிப்போடாதீங்க."

இருபது வருஷம் தாவரவியல் பார்த்ததில் நான் கண்டது, ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் சரியான பெயரைத் தேடுவதைவிட, இன்ஜினியரின் தப்பான கோட்டைத் தேடுவது சுலபம்.