ஹெக்டர் தெரிந்தெடுத்த காது

கல்குடாவில் கரைவலை வைத்திருந்த பிலிப்புவின் மகன் ஹெக்டர் விமானம் ஓட்டப் போகிறான் என்றபோது ஊர் சிரித்தது. தோணி தள்ளத் தெரியாதவன் ஆகாசத்தில் என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்றார்கள். பிறகு அறுபதுகளில், கொழும்பிலிருந்து வரும் டகோட்டா விமானம் மட்டக்களப்பு வாவிக்கு மேலே சாயும்போதெல்லாம் அதே ஆட்கள்தான் அண்ணாந்து, "அது நம்மட பொடியன்" என்றார்கள். ஊர் வாய் அப்படித்தான்.

அவனைப் பிடித்ததும் அந்த வாவிதான். ஒரு மாரியில் இறங்கும்போது, கீழே மினுங்கிய தண்ணீரைப் பார்த்தவனுக்கு விமானத்தை அதற்குள்ளேயே குத்திவிட வேண்டும் போலிருந்தது. காரணம் ஒன்றுமில்லை. கை தானாகச் சுக்கானை முன்னால் தள்ளப் பார்த்தது. பக்கத்திலிருந்த துணை விமானி ஏதோ கேட்டதால் தப்பினார்கள். அதன்பின் ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு தடவையும் அதே நினைப்பு. ஐயோ, பின்னால் இருந்த சனமெல்லாம் அவன் கையை நம்பி டொபி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தது!

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். கம்பெனி டாக்குத்தரிடம் சொன்னால் அன்றைக்கே லைசென்ஸ் போய்விடும். காத்தான்குடி நாட்டுவைத்தியர், பரிசாரி பதியுதீன், புத்தி தடுமாறியவர்களுக்கு எண்ணெய் வைப்பதில் கைராசிக்காரர்; ஆனால் அவர் வாசலில் நின்றாலே கடைத்தெரு முழுக்கக் கதை பரவும். கடைசியில் ஹெக்டர் தேவாலயத்துப் பங்குச் சுவாமியின் காதைத் தெரிந்தெடுத்தான். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டார். வெளியே வந்தபின் சொன்னவனிடமே அதைப்பற்றி வாய்திறக்கமாட்டார். இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

"மகனே, நீ இனி ஓட்டக்கூடாது," என்றார் சுவாமி. "கொழும்பில பெரிய டாக்குத்தரிட்டப் போ. போவன் எண்டு சொல்லு, அப்பதான் மன்னிப்பு."

"போறன் சுவாமி," என்றான் பாவி. போகவில்லை.

அடுத்த கிழமை மட்டக்களப்பு விமானத்திடலில் தொப்பியோடு நின்றான். "இஞ்சேருங்க!" என்று மனைவி இமெல்டாவின் குரல். இடுப்பில் மகள், பக்கத்தில் சுவாமி.

"கொழும்புக் கலியாணத்துக்கு ரெயில்ல போறன் எண்டது சும்மா. நாங்களும் உங்கட பிளேன்லதான் வாறம். பிள்ளைக்கு முதல் பயணம், ஆசீர்வாதத்துக்குச் சுவாமியையும் கூட்டி வந்தன்."

சுவாமி ஹெக்டரின் சீருடையைக் கண்டார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியது.

"மகள், நீ நாளைக்குப் போனா என்ன?"

"ஏன் சுவாமி?"

சுவாமியின் உதடு திறந்தது. சொல்லுங்க சுவாமி, கத்துங்க, இந்தத் தொப்பியைப் பிடுங்கி எறியுங்க என்று ஹெக்டரின் நெஞ்சு அலறியது. அவனே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வேலியோரம் கல்குடாச் சனம் கைகாட்டிக்கொண்டு நின்றது. அவன் தொப்பியை நேராக்கிக்கொண்டான்.

சுவாமி வாயை மூடிக்கொண்டார். விரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"எனக்கு முதல்ல பயமாத்தான் கிடந்தது," என்று இமெல்டா சிரித்தாள். "ஓட்டுறது நீங்கதானே எண்டு துணிஞ்சிட்டன்."

ஹெக்டர் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு விமானத்தை நோக்கி முன்னால் நடந்தான்.